மகாராஜபுரத்தில் கொஞ்சம் கடல்

"மாமா, தூத்துக்குடி உப்பை வாங்கிக் கரைச்சா கடல் தண்ணி ஆயிடாதா?"

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ அக்கா மகன் கேட்டான். மகாராஜபுரத்தில், வாசலில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும் வீட்டில், 100 லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன் வளர்க்கணும்னு அவனுக்கு ஆசை. தேடிப் பார்த்தப்போதான் தெரிந்தது: இது 170 வருஷப் பழைய கேள்வி.

1853இல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தார்கள். அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர்களில் ஒருவர் பிலிப் ஹென்றி காஸ். 'அக்குவேரியம்' என்ற சொல்லைப் பரப்பியவரும் அவரே. கடல் தண்ணீரை லண்டனுக்குச் சுமந்து வருவது பெரிய தொல்லை. அதனால் அடுத்த வருஷமே சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரித்தார். சமையல் உப்பு மட்டும் போதாது என்பது அவருக்கு அப்பவே தெரிந்திருக்கிறது.

ஏன் போதாது? உப்பளத்தைப் பாருங்கள். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற, முதலில் கால்சியம் ஜிப்சமாகப் படிகிறது. அப்புறம்தான் உப்பு விளைகிறது. கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் போய்விடுகின்றன. உப்பளத்தின் வேலையே கடலைப் பிரிப்பதுதான். பிரித்ததில் ஒரு பங்கை மட்டும் கரைத்தால் கடல் திரும்பி வராது. இன்று எல்லாம் கலந்த மீன்தொட்டி உப்பு பாக்கெட்டில் கிடைக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம். மருமகனின் தொட்டிக்கு மூன்றரை கிலோ.

சென்னைக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் திட்டமிட்ட கடல் மீன் காட்சியகம் 1909 அக்டோபரில் மெரினாவில் திறந்தது, தண்ணீர் வாசலிலேயே. (அவருடைய சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளும் அதே வருஷம்தான் வந்தன. மனுஷனுக்குத் தூக்கமே கிடையாதோ!) அதற்கு முன்பே ராமேஸ்வரம், மன்னார் வளைகுடா கடல் உயிர்களைப் பற்றி எழுதியவர் அவர். 1919இல் அது மீன்வளத் துறைக்குப் போனது. 1942இல், ஜப்பான் குண்டு வீசும் என்ற பயத்தில் மூடினார்கள்.

தண்ணீர் சரியானாலும் மீன் சாகும். மீனின் கழிவு அம்மோனியா ஆகிறது, அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் பெருகக் குறைந்தது நாலு வாரம், பெரும்பாலும் ஆறு வாரம் ஆகும். வினோகிராட்ஸ்கி இந்த பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டியது 1890இல். காஸுக்குத் தெரிய வழியே இல்லை.

1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங் ஒரு குறுக்கு வழி எழுதினார். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய பவளப் பாறையை எடுத்துத் தொட்டியில் போடு. பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும். 'லைவ் ராக்' என்ற பேரில் உலகமே பின்பற்றியது.

மருமகனும் யூட்யூபில் இதைப் பார்த்துவிட்டு, "மண்டபம் பக்கம் போய் நாலு கல்லு எடுத்துட்டு வந்துடலாம் மாமா" என்றான். இங்கேதான் நான் அழுத்திச் சொல்லவேண்டி வந்தது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. தடுப்பாக நின்ற பாறை போனதும் அலை உள்ளே வந்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 2001 முதல் பவளங்களும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. நாலு கல்லு என்றாலும் குற்றம்தான்.

பாக்டீரியாவுக்குத் தேவை துளையுள்ள பரப்பு மட்டுமே, பவளம்தான் வேண்டும் என்றில்லை. துளையுள்ள பீங்கான் துண்டுகள் போதும், பொறுமை கூடுதலாக வேண்டும். கோமாளி மீனையும் கடலிலிருந்து பிடிக்க வேண்டாம். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்கினால் ஆச்சு.

இப்போதைக்குத் தொட்டி, பம்பு, அடர்த்திமானி, அம்மோனியா சோதனைக் குப்பி, கரண்ட் போனால் ஓடும் பேட்டரி காற்றுக்குழாய் வாங்கியாச்சு. அடர்த்தி 1.025இல் நிற்கிறது. மீன் இல்லை. அக்கா தினமும் போனில், "வெறும் தண்ணிக்கு எதுக்குடா கரண்டு பில்லு?" என்கிறாள். இன்னும் மூணு வாரம் இருக்கு.