எலிக்கு ஒரு தோட்டா, எலிவளைக்கு ஒரு பானை

திருத்தணி பக்கம் கே.ஜி.கண்டிகையில ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அறுவடைக்கு நெருங்கின நெல்வயல். வரப்புல நடந்துட்டு இருந்தப்ப கால் சட்டுன்னு உள்ள இறங்கிடுச்சு. எலிவளை! நண்பனோட அப்பா சிரிச்சுக்கிட்டே, "எலி எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு, தம்பி"ன்னார். நான் இன்ஜினியர் மூளையோட, "சின்னத் துப்பாக்கி வெச்சு சுட முடியாதா அங்கிள்?"னு கேட்டேன். அவர் பதில் சொல்லல, என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தேடிப் போனதுதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல ஒரு விஷயம். நான் கேட்ட துப்பாக்கி நிஜமாவே இருக்கு. 1845 வாக்குல பிரான்ஸ்ல லூயி நிக்கோலா ஃப்ளோபேர்னு ஒருத்தர், வீட்டு ஹாலுக்குள்ள நின்னு இலக்கைச் சுட்டு விளையாடுறதுக்காக ஒரு குட்டித் தோட்டாவை உருவாக்கினார். தோட்டாவோட விளிம்பை அடிச்சா மருந்து பத்திக்கும். அதனாலதான் இந்தக் குடும்பத்துக்கே ரிம்ஃபயர்னு பேர். 1887ல அமெரிக்காவுல பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் உலகம் முழுக்கப் புழங்குறது அதுதான்.

அதுலயே ஒரு வகையில, ஒத்தைக் குண்டுக்குப் பதிலா உள்ள ஈய ரவை இருக்கும். ஒவ்வொரு ரவையும் சுமார் 1.3 மில்லிமீட்டர், மொத்தமே கிட்டத்தட்ட 2 கிராம். மூணு மீட்டர் தாண்டினா சிதறிப்போய் பெருசா பிரயோஜனம் இல்ல. ஆனா தானியக் கிடங்குக்குள்ள எலியை அடிக்க அந்தப் பலவீனம்தான் வசதி. குண்டு மாதிரி பாய்ஞ்சு போய் அந்தப் பக்கம் நிக்கிற ஆளையோ மாட்டையோ பதம் பாக்காது. அமெரிக்காவுல இதை எலி ரவை, பாம்பு ரவைன்னே சொல்லுவாங்க. இங்கிலாந்துல 9 மில்லிமீட்டர் ரிம்ஃபயர்ல 'கார்டன் கன்'னே தனியா வித்தாங்க.

அப்போ நம்ம வயலுக்கு ஏன் இது வரல? ரெண்டு காரணம்.

முதல் காரணம் சட்டம். 1857 கிளர்ச்சியைப் பார்த்த பிரிட்டிஷ் அரசுக்கு, இந்தியர் கையில துப்பாக்கின்னாலே பயம். லிட்டன் பிரபு வைஸ்ராயா இருந்தப்ப, 1878ல ஆயுதச் சட்டம் வந்துச்சு. இந்தியர்னா உரிமம் வாங்கணும், ஐரோப்பியர்னா விதிவிலக்கு. இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு போட்ட சட்டமும் அதே லிட்டன், அதே வருஷம்தான்.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1959ல புது ஆயுதச் சட்டம் வந்து, 1962ல அமலுக்கு வந்துச்சு. அதோட 13வது பிரிவைப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. மறுக்கக் காரணம் இல்லைன்னா இவங்களுக்கெல்லாம் உரிமம் கொடுக்கணும்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல பயிர்ப் பாதுகாப்புக்கு என்ன எழுதியிருக்கு தெரியுமா? குழல் வாய்வழியா மருந்தும் ரவையும் போட்டு, கம்பியால இடிச்சுக் கெட்டிக்கிற துப்பாக்கி. நம்ம நாட்டுத் துப்பாக்கி வகை. அது போதாதுன்னு அதிகாரிக்குத் தோணினாதான் வேற துப்பாக்கி. பாயின்ட் 22 ரைஃபிள்? 1959 சட்டம் எழுதினப்ப அது ரைஃபிள் கிளப் உறுப்பினருக்கு, இலக்குப் பயிற்சிக்குன்னு இருந்துச்சு. அதாவது எலியளவு தோட்டா நகரத்து கிளப்புக்கு, பழங்காலத் துப்பாக்கி விவசாயிக்கு!

ரெண்டாவது காரணம் எலியே. ஐரோப்பாக் கிடங்குல எலி கண்ணு முன்னாடி ஓடும். நம்ம வரப்பெலி மண்ணுக்குள்ள வளை வெட்டி, கதிரைக் கத்தரிச்சு உள்ள சேத்து வெச்சுக்கும். வளைக்குள்ள இருக்கிறதை எந்தத் தோட்டா தேடிப் போகும்?

அங்கதான் இருளர்கள் வர்றாங்க. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் அதிகமா வாழுற பழங்குடிகள். புது மண்ணைப் பார்த்தே எந்த வளையில எலி இருக்குன்னு சொல்லிடுவாங்க. மத்த வாசலையெல்லாம் சேறு வெச்சு அடைப்பாங்க. அடியில ஓட்டை போட்ட மண்பானைக்குள்ள வைக்கோலும் தழையும் திணிச்சுப் பத்தவெச்சு, பானை வாயை வளையில பொருத்தி, ஓட்டை வழியா வாயால ஊதுவாங்க. புகை உள்ள போய் எலி மூச்சுமுட்டிச் சாகும். அப்புறம் தோண்டினா எலியும் கிடைக்கும், அது பதுக்கின நெல்லும் கிடைக்கும். விஷம் இல்ல, வெடி இல்ல, சூப்பர் டெக்னிக்னு நானும் முதல்ல நினைச்சேன்.

ஆனா ஊதுற ஆளை யோசிச்சுப் பாருங்க. உதடு சுடும், கை பொசுங்கும். எலிக்குப் போற புகையில பாதி அவங்க நெஞ்சுக்குள்ளயும் போகும். ஒரு நாளைக்கு எத்தனை வளை!

இந்தப் பானைக்குப் பதிலா, கைப்பிடியைச் சுத்தினா காத்தடிக்கிற ஒரு இரும்புக் கருவியைச் சென்னையைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் இருளர்களுக்காகக் கொண்டு வந்துச்சு. 2003ல அதுக்கு உலக வங்கியோட ஒரு போட்டியில நிதியும் கிடைச்சுச்சு. உள்ள என்ன இருக்கு? ஒரு விசிறி, ஒரு கைப்பிடி, புகை போக ஒரு குழாய். 1845லயே ஃப்ளோபேர் தோட்டாவைச் செதுக்கிட்டார். அதைவிட எளிமையான இந்த விசிறி வர 150 வருஷத்துக்கு மேல ஆச்சு. டெக்னாலஜி கஷ்டம்கிறதால இல்ல மக்களே, ஊதுறவங்க கஷ்டம் யார் கண்ணுலயும் படல.

கே.ஜி.கண்டிகையில கிளம்பும்போது நண்பனோட அப்பாகிட்ட மறுபடி கேட்டேன், "அப்போ எலிக்கு என்னதான் பண்ணுவீங்க?" "இருளருங்க வருவாங்கப்பா, அவங்க பாத்துப்பாங்க"ன்னார். அவர் சொன்னதுல தப்பு இல்ல. எதை வெச்சுப் பாத்துக்கிறாங்கன்னு அன்னைக்கு நானும் கேக்கல. அடுத்த தடவை சோத்துல கை வைக்கும்போது நீங்களாவது கேளுங்க.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.