கதவு திறந்தது, களஞ்சியம் நிறைந்ததா?

திருவண்ணாமலை ரமணாசிரமம் 1964 முதல் ‘மவுண்டன் பாத்’ என்னும் ஆங்கில இதழை வெளியிட்டு வருகிறது. அதன் பழைய இதழ்களை இன்று எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம். அதே ஊரின் கோயிலையும் கிரிவலப் பாதையையும் ஜவ்வாது மலை மக்களின் வழக்காறுகளையும் ஆராய்ந்த மாணவர்களின் ஏடுகளைப் படிக்க விரும்புவோரோ, முதலில் துறை அலமாரியின் சாவியைத் தேட வேண்டும். ஓர் ஆசிரமத்துக்குக் கைகூடியது கல்விக்கூடங்களுக்கு ஏன் அரிதாயிற்று?

ஆய்வுகள் எல்லோருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று புடாபெஸ்ட் அறிக்கை 2002-இல் முழங்கியது. அதே ஆண்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் தன் மின்களஞ்சியத்தைத் தொடங்கியது. களஞ்சியம் கட்டினால் அறிஞர்கள் தாமே வந்து நிரப்புவர் என்பது அன்றைய நம்பிக்கை. உலகெங்கும் அது பொய்த்தது. பதிப்புரிமை பற்றிய அச்சம், நேரமின்மை, பதவி உயர்வுக்கு உதவாத வேலை என்னும் எண்ணம் ஆகியவை குறுக்கே நின்றன. எனவே ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2006-இல் அதைக் கட்டாயமாக்கியது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஆய்வேடுகளின் மின்படியை அனுப்புமாறு பல்கலைக்கழகங்களுக்கு விதி வகுத்தது. அவ்வாறு வளர்ந்த ‘சோத்கங்கா’வில் இன்று பல லட்சம் ஆய்வேடுகள் உள்ளன. வேண்டுகோளுக்கு இணங்காதவர்கள் விதிக்கு இணங்கினார்கள்.

எனினும் விதி முன்னோக்கியே பாயும். அங்குள்ளவை பெரும்பாலும் முனைவர் பட்ட ஏடுகளே. 2009-க்கு முந்தைய தட்டச்சுப் படிகள் பலவும் வெளியிலேயே நின்றன. கணினியில் அச்சிட்டவையும் பல்வேறு எழுத்துருக்களில் சிதறிக் கிடக்கின்றன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010-இல்தான். நம் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோன்றும்வரை இங்குள்ள கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. பழைய ஏடுகளுக்கு யார் பொறுப்பு?

2022-ஆம் ஆண்டு விதிமுறைகளோடு ஆய்வியல் நிறைஞர் பட்டமே நிறுத்தப்பட்டது. ஊர் ஊராகச் சென்று முதியோரிடம் கேட்டெழுதிய அச்சிற்றேடுகள் இனி எழுதப்படப் போவதில்லை. சொன்னவர்களில் பலரும் இன்றில்லை. அலமாரியில் இருப்பது சில வேளைகளில் ஒரே படியாகவும் இருக்கலாம்.

பெரும் நிதி வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு துறையும் முதலில் ஒரு பட்டியல் எடுக்கட்டும்: ஆண்டு, தலைப்பு, ஆய்வாளர், ஆய்வு நடந்த ஊர். பிறகு எழுதியவரின் இசைவைப் பெறலாம், அதன்பின் ஒளிவருடலாம். இருப்பது இன்னதென்று தெரிந்தால்தான் இழக்கப் போவது இன்னதென்றும் தெரியும்.