குற்றம் குருதியில் பிறப்பதன்று

தூத்துக்குடியிலிருந்து ஒட்டப்பிடாரம் பக்கமாகச் செல்வோர் பாஞ்சாலங்குறிச்சியில் ஒரு கோட்டையைக் காண்பர். அது 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டை 1801ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் ஆங்கிலப் படையிடம் வீழ்ந்து, பின்னர் தரைமட்டமாக்கப்பட்டது. அன்று சாய்ந்தது மண்சுவர் மட்டுமன்று. நெடுங்காலமாக நிலவிய ஒரு காவல் முறையும் அதனோடு சாய்ந்தது. ஒருவனைக் குற்றவாளியாக்குவது எது என்னும் வினாவிற்குச் சமூகவியலார் பலப்பல விடைகள் தந்துள்ளனர். அவ்விடைகளை உரைத்துப் பார்க்க இவ்வூரின் வரலாற்றினும் நல்லதோர் உரைகல் நமக்கு வாய்ப்பது அரிது.

1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், பாளையக்காரர்கள் கூடியிருக்க, மேஜர் பானர்மன் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டான். கிஸ்தி கட்டாதவர், ஆணைக்கு அடங்காதவர், கொள்ளையிட்டவர் என்பன கும்பெனியார் சாட்டிய குற்றங்கள். இன்றோ அதே கயத்தாற்றில் அவருக்குச் சிலை நிற்கிறது. அவர் செய்த செயல் மாறவில்லை. தீர்ப்பெழுதும் கைதான் மாறிற்று. சட்டத்தை வகுக்கும் வலிமை எவரிடம் உள்ளதோ, அவர் ஒட்டும் முத்திரையே ஒருவனைக் குற்றவாளியாகக் காட்டுகிறது என்று அமெரிக்க அறிஞர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் எழுதினார். நம் கடலோரம் இவ்வுண்மையை அதற்கும் முன்பே பட்டறிந்திருந்தது. தம் அனுமதிச் சீட்டின்றிச் சென்ற மரக்கலங்களைச் சூறையாடிய போர்ச்சுகீசியர், தம்மை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயரைக் ‘கடற்கொள்ளையர்’ என்று கூறி 1600ஆம் ஆண்டு கோவாவில் கொன்றனர் அன்றோ?

இதனால், குற்றம் என்பதே இல்லை, பெயர்தான் உண்டு என்று நாம் முடிவு கட்டலாகாது. பாளையங்களின் பூசலில் தானியத்தைப் பறிகொடுத்த குடியானவனுக்கு, பறித்தவர் வீரரா கள்வரா என்பது ஆறுதல் தராது. குற்றம் நிகழாத சமுதாயமே இல்லை என்றார் பிரெஞ்சு அறிஞர் துர்க்கைம். ஆகவே, அது எப்போது பெருகுகிறது என்பதே நாம் ஆராய வேண்டுவது. சமுதாயம் அனைவர்க்கும் ஒரே இலக்கைக் காட்டிவிட்டு, அதை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் அடைத்துவிடும்போது குறுக்கு வழிகள் தோன்றும் என்று 1938இல் விளக்கினார் ராபர்ட் மெர்ட்டன்.

தென்பாண்டி நாட்டில் அடைபட்ட வழி எது? ஓர் ஊரைக் காப்பது ஸ்தலக் காவல்; பல ஊர்களையும் வழித்தடங்களையும் காப்பது தேசக் காவல். இவற்றிற்காகக் குடிகள் தானியமும் பணமும் கொடுத்தனர். களவு போனால் காவல்காரன் துப்புத் துலக்கிப் பொருளை மீட்க வேண்டும்; இயலாவிடில் ஈடு செய்ய வேண்டும். இம்முறையில் மிரட்டிப் பணம் பறித்தலும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆயினும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. பாளையங்களை ஒடுக்கிய கும்பெனி காவல் உரிமையையும் வரியையும் தானே எடுத்துக்கொண்டது. ஆயுதம் வைத்திருத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நேற்றுவரை ஊரைக் காத்த வேல், இன்று குற்றத்தின் சான்று! வேலையிழந்த காவல்காரனுக்கு மாற்றுப் பிழைப்பு எது என்று எவரும் எண்ணவில்லை.

பின்னர் நிகழ்ந்தது அதனினும் கொடியது. வறுமை விளைத்த குற்றத்தைப் பிறப்பின் மீது சுமத்தினர். 1871இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிரமலைக் கள்ளர் முதலிய பல சமூகத்தார் ஒட்டுமொத்தமாக அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். களவே அறியாதவனும் கைரேகை பதிக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிக்கு இரையாயினர். மாண்டோரில் பெண்ணும் ஒருவர். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து நீங்கிய முத்திரை மக்கள் மனத்திலிருந்து நீங்கப் பன்னெடுங்காலம் ஆயிற்று.

இவ்விடத்தில் நம் மார்க்க வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். கொடும் பஞ்சம் நிலவிய ஆண்டில், கலீஃபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். பசிக்கு வழி செய்யாத சமுதாயம் பசித்தவனைத் தண்டிக்கும் தகுதியை இழக்கிறது என்பதன்றோ அதன் பொருள்! மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் எனும் கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். தண்டனை செயலுக்கு உரியது. அது முடிந்தபின் அம்மனிதர் மீண்டும் நம் சகோதரரே. அநீதி நாகரிகத்தையே அழிக்கும் என்று 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் உரைத்ததும் இந்த மரபில் நின்றேயாகும்.

ஒரு கூட்டத்தார் அனைவரையும் ஐயக்கண் கொண்டு நோக்குவதன் வேதனை நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. ஆனால் அந்த வேதனையைப் பிறர்க்கு நாம் தராமல் இருக்கிறோமா? நம் மஹல்லாவில் ஒரு சிறுவன் கைநீட்டித் திருடினால், அவன் பெயரை மறந்து ‘திருடன்’ என்றே அழைக்கிறோம்; “அந்தத் தெருப் பிள்ளைகளே அப்படித்தான்” என்கிறோம்; பெண் கேட்டு வருவோரிடம் அவன் தமக்கையின் பெயரையும் கெடுக்கிறோம். குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சர்க்கார் நீக்கிவிட்டது. நாம் அதை நம் திண்ணையில் வைத்துக் காத்து வருகிறோம்!

பிழை செய்த பிள்ளையைக் கண்டிப்போம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்வோம். அத்துடன் அவனுக்கு ஒரு தொழிலையும், தொழுகை வரிசையில் ஓர் இடத்தையும் தருவோம். பாஞ்சாலங்குறிச்சியில் கோட்டையை மீண்டும் எழுப்ப நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாயின. இடிந்த ஒரு மனிதனை எழுப்ப நாம் அத்தனை காலம் காத்திருக்கலாகாது.