தெளிவும் ‘கிளியரும்’

திருப்பூர்ப் புகைவண்டி நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டை, பின்னலாடை மொத்த வணிகத்திற்குப் பெயர்பெற்ற கடைவீதியாகும். ஏற்றுமதிக்கெனத் தைத்து எஞ்சிய ஆடைகளும், உள்நாட்டு விற்பனைக்குரிய பனியன் வகைகளும் அங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன. இத்தகைய வணிகரிடையே வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘கிளியர்’ என்பது ஒன்று. சரக்கு கிளியர் ஆயிற்று என்றால் விற்றுத் தீர்ந்தது. பில் கிளியர் ஆயிற்று என்றால் கடன் அடைபட்டது. காசோலை கிளியர் ஆயிற்று என்றால் பணம் கணக்கிற் சேர்ந்தது. துறைமுகத்தில் கிளியர் ஆயிற்று என்றால் சுங்கத்தார் சரக்கை விடுத்தனர். ‘சொன்னது கிளியரா?’ என்னும்போது விளங்கியதா என்பது பொருள். இவ்வைந்திடத்தும் ‘தெளிவு’ என்னும் சொல்லை இட்டுப் பார்ப்பின் இறுதியிடம் ஒன்றே அதனை ஏற்கும். ‘சரக்குத் தெளிந்தது’ என்பார் ஒருவரும் இலர். இவ்வழக்கு காதர்பேட்டைக்கே உரியதன்று என்பது உண்மையே. ஆயினும், ஒன்றற்கொன்று ஈடெனக் கருதப்படும் இவ்விரு சொற்களும் எவ்விடத்துப் பிரிகின்றன என்பதை ஆராய அக்கடைவீதி நல்லதொரு தொடக்கமாகும்.

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றை முதற்கண் காண்போம். ‘கிளியர்’, ‘கிளாரிட்டி’ ஆகிய இரண்டும் இலத்தீன் மொழியின் ‘கிளாருஸ்’ என்னும் அடியினின்று பழைய பிரெஞ்சு வழியாக வந்தவை. அவ்வடி கூவுதலைக் குறிக்கும் ‘கிளாமாரே’ என்னும் வினையோடு உறவுடையது. ஆகவே, அது முதலில் செவிக்குரிய சொல். உரத்து ஒலிப்பதைக் குறித்தது. பின்னர்க் கண்ணுக்குரியதாகி ஒளியையும், அதன்பின் புகழையும் குறித்தது. உரோமப் பேரரசில் ஆட்சிமன்றத்தார்க்குரிய ‘கிளாரிஸ்ஸிமுஸ்’ என்னும் பட்டத்திற்குப் ‘பெரும்புகழர்’ என்பதே பொருள். இடைக்கால ஆங்கிலத்திலும் ‘கிளாரிட்டி’ ஒளியையும் மாட்சியையும் சுட்டியதேயன்றி, இன்று நாம் கருதும் கருத்துத் தெளிவைச் சுட்டவில்லை. தெக்கார்த்து என்னும் பிரெஞ்சு மெய்யியலார் 1644இல் வெளியிட்ட நூலில், கருதி நோக்கும் உள்ளத்தின்முன் திறந்து நிற்பதே ‘கிளாருஸ்’ என வரையறுத்தார். ஒளியின் சொல் அறிவின் சொல்லாக நிலைபெற்றமைக்கு இது சிறந்த சான்று.

‘கிளியர்’ என்னும் வினையோ வேறொரு வழிச் சென்றது. மறைப்பு இல்லாமையே ஒளி. எனவே, மறைப்பதனை அகற்றுதல் அவ்வினையின் பொருளாயிற்று. காட்டை அகற்றுதல், கடனை அகற்றுதல், கப்பலைத் தடையின்றி விடுத்தல் என அது விரிந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டன் வங்கிகளின் எழுத்தர்கள் ஓரிடத்திற் கூடிக் காசோலைகளை மாற்றிக் கணக்கு நேர்செய்த முறைக்கும் ‘கிளியரிங்’ என்றே பெயர். காதர்பேட்டைக்கு வந்து சேர்ந்தது ஒளியின் வழிப்பட்ட பொருளினும் இவ்வகற்றலின் வழிப்பட்ட பொருளே மிகுதி.

இனித் தமிழ்ச்சொல்லை நோக்குவோம். ‘தெள்’ என்னும் அடியும் செவிக்குரிய பொருளை உடையதே. தெள்விளி, தெண்கண் கிணை முதலிய சங்க வழக்குகளைக் காண்க. ஆயினும், ‘தெளி’ என்னும் வினைக்கு நிலைக்களம் நீரே ஆகும். கலங்கிய நீர் தெளியுங்கால் கலக்கத்தை எவரும் எடுத்தெறிவதில்லை. அது கீழே படிகின்றது. அகற்றலன்று, அமைதலே தெளிதல். மயக்கம் தெளிதல், போதை தெளிதல், பித்தம் தெளிதல் என்னும் இன்றைய வழக்குகளிலும் இப்படிவுப் பொருளே நிற்கின்றது. சரக்கும் கடனும் படிவன அல்ல, அவை தீர்வன. ஆகவேதான் அங்கே ‘தெளி’ நுழையவில்லை. ‘தீர்’ என்னும் சொல்லே உரியது. தமிழ் தெளி, தீர், விளங்கு, விடு எனப் பகுத்துச் சொல்வதனை ஒரே சொல்லால் முடிக்கும் வாய்ப்புக் கருதியே வணிகர் ‘கிளியரை’ மேற்கொண்டனர் போலும். தமிழில் சொல் இல்லாக் குறை இதுவன்று.

நீரைத் தெளிவிக்கும் விதைக்குத் ‘தேற்றாங்கொட்டை’ என்று பெயர். ‘தேறு’, ‘தேற்று’ என்பன ‘தெளி’யோடு பொருளுறவு உடைய சொற்கள். சங்க காலத்தில் அம்மரம் ‘இல்லம்’ எனப்பட்டது. காதலனைக் கண்ட தலைவியின் உள்ளம், அவ்விதையால் தேற்றப்பட்ட கலங்கல் நீர்போலத் தெளிந்தது என நெய்தற்கலி உவமிக்கின்றது. குடத்தின் உட்புறம் அவ்விதையைத் தேய்த்தால் நீரில் மிதக்கும் துகள்கள் திரண்டு படியும். கரைந்த உப்பு மட்டும் போகாது. இவ்வேறுபாடு திருப்பூருக்குப் பெரிதும் உரியது. சாயக் கழிவுநீரின் நிறத்தை நீக்கினும் அதன்கண் கரைந்த உப்பு நின்றது. நொய்யலும், அதன்மேல் 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணையும் அவ்வுப்பைத் தாங்கின, உழவர் வழக்காடினர். கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கண்ணுக்குத் தெளிந்த நீரைப் பயிர் ஏற்கவில்லை. தெளிவும் தூய்மையும் ஒன்றல்ல என்பதை இதனினும் விளங்கக் காட்டும் சான்று அரிது.

கலக்கம் படிந்தபின் உள்ளத்தில் எஞ்சுவது யாது? நம்பிக்கை. பழந்தமிழில் ‘தெளிதல்’ என்பதற்கு நம்புதல் என்பது தலையாய பொருள்களுள் ஒன்று. தொல்காப்பிய இடையியல் ஏகாரத்தின் பொருளைத் ‘தேற்றம்’ என்றும், பிறிதோரிடத்துத் ‘தெளிவு’ என்றும் கூறும், இரண்டும் உறுதிப்பாடே. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் ‘தெரிந்து தெளிதல்’. இத்தலைப்பை ‘ஆராய்ந்து தெளிவு பெறுதல்’ என இக்காலப் பொருளில் மாணவர் கொள்வதுண்டு. அது பொருந்தாது. அமைச்சர் முதலியோரை ஆராய்ந்து, பின் அவரிடம் வினையை நம்பி விடுதலே அதிகாரப் பொருள். அதன் இறுதிக் குறளே இதற்குத் தக்க சான்று. ஆராயாதவனின் தெளிவும், தெளிந்தவனிடத்து ஐயுறுதலும் ஆகிய இரண்டும் நீங்காத் துன்பம் தரும் என்பது அதன் கருத்து. தெளிவு என்பதற்கு ஐயமற்ற அறிவு எனப் பொருள் கொள்வோமாயின், ஆராயாதவனுக்கு அவ்வறிவு எங்ஙனம் வாய்க்கும்? வாய்ப்பினும் அது துன்பம் தருவானேன்? நம்பிக்கை எனக் கொள்ளவே குறள் இடர்ப்பாடின்றி நடக்கின்றது. இந்நுட்பம் நழுவுமிடத்து, அவ்வதிகாரம் ஆள்வோன் பிறரை நம்பும் முறையைப் பேசாது, பொதுவான அறிவுரையாகச் சுருங்கிவிடும்.

செய்யுளின் குணமாகத் தெளிவு பேசப்படுவது தண்டியலங்காரத்தில். வடமொழியின் ‘பிரசாதம்’ என்னும் குணத்திற்கு அந்நூல் தந்த பெயர் அது. பிரசாதம் என்பதும் நீரின் தெளிவையும், முகமலர்ச்சியையும், அருளையும் குறித்து, இன்று தமிழர் நாவில் கோயிற் சோறாக நிற்கின்றது. நன்னூலோ நூலின் அழகு பத்தினைக் கூறுமிடத்துத் ‘விளங்க வைத்தல்’ என ஒளியின் சொல்லையே ஆண்டது.

உறவு மொழிகளில் இச்சொல் பெற்ற நிலைகள் வேறு. மலையாளத்தில் ‘தெளிவு’ என்பது வழக்குமன்றச் சான்று. கன்னடத்தில் ‘திளி’ என்பது தெளிதலோடு அறிதலையும் குறிக்கும். தெலுங்கின் ‘தெலுப்பு’ அறிவித்தலாகவும் வெண்ணிறமாகவும் வழங்குகின்றது.

கொங்கு நாட்டிலோ பதநீருக்குத் ‘தெளுவு’ என்று பெயர். இதழொலியைச் சார்ந்த இகரம் உகரமாதல், பிள்ளை புள்ளையாவதுபோலப் பேச்சில் இயல்பாதலின், இது தெளிவு என்பதன் திரிபு எனக் கொள்ளலாம். சங்கப் புலவர் தெண்கள் என்றும் தேறல் என்றும் சொன்னவை வடித்துத் தெளிந்த கள். கொங்கர் சொல்லும் தெளுவோ, கலத்தினுள் சுண்ணாம்பு பூசிப் புளிக்கவிடாது இறக்கும் இன்சாறு. பொருள் கள்ளினின்று நீங்கியது, பெயர் நீங்கவில்லை. ஆங்கிலத்தில் ‘கிளாரெட்டு’ என்னும் மதுப்பெயரும் ‘கிளியரின்’ உறவே. தொடக்கத்தில் வெளிறிய மதுவைக் குறித்த அது, 17ஆம் நூற்றாண்டு முதல் செந்நிற மதுவுக்கே பெயராயிற்று.