கடலணையும் கணக்கும்

ஒல்லாந்தர் என்றதும் இலங்கை மக்களின் நினைவுக்கு வருவன யாழ்ப்பாணக் கோட்டையும், காணித் தோம்புகளும், 1707ஆம் ஆண்டில் தொகுக்கப்பெற்ற தேசவழமைச் சட்டமுமே. கடல் கடந்து வந்து 1796ஆம் ஆண்டு வரை இத்தீவின் கரையோரங்களை ஆண்ட அம்மக்கள், தம் தாயகத்தில் அக்கடலுக்கே அஞ்சி வாழ்ந்தவராவர். ஒல்லாந்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்குத் தாழ்ந்து கிடக்கின்றது. அணைகள் இல்லையேல் அந்நிலமும் இல்லை.

அந்நாட்டிலே மன்னராட்சி வலுப்பெறுமுன்னரே நீர்ச்சபைகள் தோன்றிவிட்டன. பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலாக, அயலயலே காணி உடையோர் ஒன்றுகூடி, அணையைப் பேணுதற்கென இச்சபைகளை அமைத்து, வரி இறுத்து வந்தனர். அணையின் இன்ன பகுதி இன்னாருடைய பொறுப்பு என்று வகுக்கப்பட்டிருந்தது. தன் பங்கைக் காக்க இயலாதவன், தன் மண்வெட்டியை அணையிலே நாட்டிவிட்டு அகலுதல் வேண்டும். அம்மண்வெட்டியைப் பிடுங்கி எடுப்பவனுக்கு அவன் காணியும் உரித்தாகும். அணையைக் காக்கும் கடமையும் உரித்தாகும். கொடிய வழக்கமே. ஆயினும் ஒருவன் அணையில் விழும் துளை ஊரார் அனைவருக்கும் கூற்றாகும் இடத்தில், வேறு வழக்கம் தோன்றுதல் அரிது.

இம்முறையில் ஒரு குறை வளர்ந்து வந்தது. 1950ஆம் ஆண்டளவில் நாட்டில் 2,000க்கு மேற்பட்ட நீர்ச்சபைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் அணையை மட்டுமே நோக்கிற்று. நாட்டின் அணைகள் அனைத்தையும் ஒருங்கே நோக்கி, இவை போதுமா என்று கேட்கும் கடமை எவர்க்கும் தெளிவாக வகுக்கப்படவில்லை. அரசாங்க நீர்வேலைத் திணைக்களத்துப் பொறியியலாளர் யொகான் வான் வேன் அதனைக் கேட்டார். தென்மேற்குப் பகுதியில் அணைகள் பல உயரம் போதாதன என்பதை உலகப்போருக்கு முன்னரே கணக்கிட்டுக் காட்டத் தொடங்கினார். போர் வந்தது, போரின் பின் அழிவைச் சீர்செய்யும் செலவு வந்தது. கணக்குகள் அலுவலகங்களிலே கிடந்தன.

1953ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள், சனிக்கிழமை. வடமேற்குப் புயலும் பருவ வெள்ளப் பெருக்கும் ஒருங்கே கூடின. வானிலை நிலையத்தார் அன்று மாலையே எச்சரிக்கை விடுத்தனர். ஆயின் அது தந்தி வழியே, முன்னரே கேட்டுப் பதிந்துகொண்ட சிலர்க்கு மட்டுமே சென்றது. வார இறுதியாதலின் அலுவலகங்களில் ஆளில்லை. வானொலி நிலையமோ வழமைபோல நள்ளிரவில் ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. சீலாந்து மக்கள் உறங்கினர். விடியுமுன் அணைகள் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் உடைந்தன. 1,836 பேர் மாண்டனர். ஏறக்குறைய 72,000 பேர் வீடிழந்து பெயர்ந்தனர். ரொட்டர்டாமுக்கு அண்மையில் உடையத் தொடங்கிய ஓர் அணையின் வாயிலே, ஆரி எவகுறூன் என்னும் படகோட்டி தன் படகையே செருகி அடைத்தமையால், அதன் பின்னால் இருந்த பெருநிலம் தப்பியது. அவ்வீரம் போற்றத்தக்கதே, ஆயின் பெருந்தொகையான மக்களின் உயிர் ஒரு படகோட்டியின் துணிவில் தங்கும் நிலைக்கு ஒரு நாடு வந்திருத்தல் ஆகாது.

மூன்று வாரத்துள் டெல்ரா ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வான் வேன் அதன் செயலாளரானார். அதுவரை, முன்னர் கண்ட பெருவெள்ளத்தினும் சிறிது உயர்த்தி அணை கட்டுதலே வழக்கம். ஆணைக்குழு வேறொரு வினாவை எழுப்பிற்று: அணை உடைந்தால் இழப்பு எவ்வளவு? ஓரடி உயர்த்தச் செலவு எவ்வளவு? கணித அறிஞர் வான் டான்சிக் இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தார். மக்கள் செறிந்த நடு ஒல்லாந்துக்கு, எந்த ஓராண்டிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்பே உடைய வெள்ளத்தையும் தாங்கும் அணை வேண்டும் என முடிவாயிற்று. 1953இல் ஊக் வான் ஒல்லாந்துத் துறையில் நீர் 3.85 மீற்றர் உயர்ந்தது. புதிய அளவு 5 மீற்றர். முழுக்காவல் தர இயலாது என்பதை ஓர் அரசாங்கம் எண்ணால் ஒப்புக்கொண்டு, எவ்வளவு தரும் என்பதையும் எண்ணாலே உறுதிசெய்தமை அரிய செயல். 1958இல் டெல்ராச் சட்டம் நிறைவேறிற்று.

கழிமுகங்கள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டு வருகையில், கிழக்குச் செல்ட் கழிமுகத்து மீனவரும் சிப்பி வளர்ப்போரும் எதிர்த்தெழுந்தனர். உவர்நீர் நன்னீரானால் அவர்தம் பிழைப்பு அழியும். இயற்கை காப்போரும் அவர்க்குத் துணைநின்றனர். பொறியியலாளர் பலர் இதனைத் தடையாகவே கருதினர். எனினும் அரசாங்கம் திட்டத்தை மாற்றியது. வழமையாகத் திறந்திருந்து, புயலின்போது மட்டும் மூடும் 62 இரும்புக் கதவுகள் அங்கே நிறுவப்பட்டு, 1986இல் திறந்துவைக்கப்பட்டன. செலவு மிகுந்தது, அதனைப் பொதுப்பணமே ஏற்றது.

1995இல் ஆபத்து ஆறுகளின் வழியே வந்தது. ஏறக்குறைய 250,000 பேர் வெள்ளத்துக்கு முன்னரே அப்புறப்படுத்தப்பட்டனர். அதன் பின் சிலவிடங்களில் அணைகளைப் பின்னுக்கு நகர்த்தி, ஆறு பரந்தோட இடம் விடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக நிலம் மீட்டவர்க்கு நிலத்தை நீருக்கு விடுதல் எளிதன்று. 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கெனத் தனி நிதியத்தையும் ஓர் ஆணையாளர் பதவியையும் உறுதிசெய்தது. வெள்ளம் வந்ததோ வராததோ, ஆண்டுதோறும் செப்ரெம்பரில், வரவுசெலவுத் திட்டத்துடன் கூடவே, அணைகளின் நிலை பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படுகின்றது. பழைய நீர்ச்சபைகளோ ஒன்றோடொன்று இணைந்து 21 ஆகச் சுருங்கின. அவை இன்றும் தேர்தல் நடத்தித் தம் வரியைத் தாமே அறவிடுகின்றன.

2018ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள், ஒரு புயலின்போது, நாட்டின் ஐந்து பெரும் புயற்றடுப்புகளும் முதன்முறையாக ஒரே நாளில் மூடப்பட்டன.