பொன் வேய்ந்த கூரையும் ஓடு வேய்ந்த கூரையும்



தில்லைச் சிற்றம்பலத்தின் பொற்கூரையை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். முதற் பராந்தக சோழன் (907–955) அதனைப் பொன்னால் வேய்ந்த செய்தியை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. இன்றுள்ள பொன்னோடுகள் 21,600 என்பது கோயில் மரபு. மனிதன் நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சாக ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அது. ஆணிகள் 72,000; அவை உடலின் நாடிகளைக் குறிப்பன என்பர்.

பக்தர்க்கு இவை தத்துவம். கொல்லனுக்கோ கடினமான கணக்கு. நாம் ஓட்டின் அளவை அறிந்து எண்ணிக்கையைக் காண்கிறோம். அங்கே எண்ணிக்கை முன்பே முடிவானதென்றால், ஓட்டின் அளவையன்றோ கண்டறிய வேண்டும்! அதற்குக் கூரைச் சரிவின் பரப்புத் தெரிந்தாக வேண்டும். வளைந்திறங்கும் அக்கூரையில் நேர்கோல் பயன்படாது. மேற்பரப்பின்மேல் கயிற்றைப் படியவிட்டே அளக்கலாம். பௌதாயனரின் சுல்ப சூத்திரம் செவ்வகத்தின் மூலைவிட்ட விதியைக் கூறுகிறது. சுல்பம் என்றால் கயிறு என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்விதியை நான் கற்பித்தேன். ஆயினும் உரிய வேளையில் மறந்தேன். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. கடலூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் கூரையிழந்த ஏழைக் குடும்பத்துக்கு நாங்கள் சிலர் பொருள் திரட்டினோம். கணக்கு ஆசிரியன் என்பதால் ஓட்டுக் கணக்கு என்னிடம் வந்தது. வீட்டின் அகலம் 24 அடி, நீளம் 30 அடி. 720 சதுர அடி என எழுதிக் கொடுத்தேன். பணம் முழுவதும் ஓடாயிற்று. வேய்ந்து முடிந்தபோது கூரையில் ஐந்தில் ஒரு பங்கு திறந்து கிடந்தது.

முதிய தச்சர் என்னை நோக்கி, "ஐயா, தரையை அளந்துவிட்டீர்களே! ஓடு சரிவில் அல்லவா படுக்கிறது?" என்றார்.

பாதி அகலம் 12 அடி. முகட்டின் உயரம் 9 அடி. 12இன் வர்க்கம் 144, 9இன் வர்க்கம் 81, கூட்டினால் 225. அதன் வர்க்கமூலம் 15. ஆகவே ஒரு பக்கச் சரிவின் நீளம் 15 அடி. இரு பக்கமும் சேர்த்து 30 அடி. நீளம் 30 அடியால் பெருக்க 900 சதுர அடி. இறவாரம் வெளியே நீளுமாயின் அதனையும் கூட்ட வேண்டும். ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால், ஒவ்வோர் ஓட்டிலும் வெளியே தெரியும் பரப்பைக் கொண்டே எண்ணிக்கை காண வேண்டும்.

மீண்டும் பொருள் திரட்டி ஓடு வாங்கும்வரை, அக்குடும்பத்துச் சிறுவர்கள் வானம் தெரியும் மூலையை விட்டு ஒதுங்கி உறங்கினர். என் பிழையின் அளவு 180 சதுர அடி.

தேர்வுத் தாளில் தவறினால் மதிப்பெண் குறையும். கூரைக் கணக்கில் தவறினால் நனைபவர் வேறொருவர். சிதம்பரம் செல்லும்போது அப்பொற்கூரையை நிமிர்ந்து நோக்குங்கள். அதனை அளந்த பெயரறியாக் கைகளையும் வணங்குங்கள்.