கைக்குழந்தையின் தோலும் அன்றாடத் தூய்மையும்

பிறந்தது முதல் ஏறத்தாழ ஓராண்டு வரை குழந்தையைக் குளிப்பாட்டுதல், துடைத்தல், எண்ணெய் தேய்த்தல், துணி மாற்றுதல் ஆகிய வீட்டுப் பழக்கங்களும் அவற்றால் தோலுக்கு நேரும் நன்மை தீமைகளும் இக்கட்டுரையில் கூறப்படுகின்றன. தமிழ்நாட்டில் இப்பழக்கங்கள் நெடுங்காலம் பாட்டிமார் கையில் இருந்தன. இன்று மருந்துக்கடை அலமாரியும் அதில் பங்கு கேட்கிறது. பாட்டியும் கடைக்காரரும் வேறு எதில் முரண்பட்டாலும், குழந்தையின் மேல் எதையாவது பூசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில் ஒன்றுபடுகிறார்கள். பிறந்த குழந்தையின் தோலைப் பற்றி இதுவரை தெரிந்திருப்பவற்றில் பெரும்பகுதி அந்த நம்பிக்கைக்கு எதிராகவே இருக்கிறது.

பிறந்த குழந்தையின் தோல்

தோலின் வெளிப்புறத்தில் உள்ள கொம்புப் படலமே நீர் வெளியேறாமலும் கிருமி உள்ளே நுழையாமலும் காப்பது. கைக்குழந்தையிடம் இப்படலம் பெரியவர்களுடையதைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிடும்போது குழந்தையின் தோல் பரப்பு பெரியவரைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஆகவே குழந்தை விரைவாக வெப்பம் இழக்கிறது; பூசப்படும் பொருளும் எடைக் கணக்கில் பார்த்தால் கூடுதலாக உடலுக்குள் போகிறது.

பிறந்தவுடன் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும். அடுத்த சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் அது மெல்லிய அமிலத் தன்மை பெற்று, அமில காரக் குறியீட்டில் 5-க்கும் 5.5-க்கும் அருகே வந்து நிற்கிறது. நோய்க் கிருமிகளை அடக்குவதிலும் தோலின் கொழுப்புப் படிவங்களை ஒழுங்காக அடுக்குவதிலும் இந்த அமிலத் தன்மைக்குப் பங்கு உண்டு. சாதாரண சோப்பு காரத் தன்மை உடையது என்பதால், ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் இந்த வேலை சற்றுப் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

தோல் வழியே நஞ்சு ஏறும் என்பதை மருத்துவ உலகம் சில கசப்பான நிகழ்வுகளிலிருந்து கற்றது. 1886-இல் இங்கிலாந்தில் குழந்தைகளின் இடுப்புத் துணியில் குறியிடப் பயன்படுத்திய அனிலின் மையால் குழந்தைகள் நீலம் பாரித்தது பதிவாயிற்று. 1972-இல் பிரான்சில் ஒரு பவுடரில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 விழுக்காட்டு அளவில் கலந்துவிட, 204 குழந்தைகள் பாதிக்கப்பட்டு 36 குழந்தைகள் இறந்தன. இங்கே இதற்கு இணையான ஆபத்து பாச்சை உருண்டையில் இருக்கிறது. பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய துணிகளைப் பிள்ளைக்கென்று எடுக்கும்போது அவற்றில் நாஃப்தலீன் ஏறியிருக்கும். ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். பிறந்த குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா என்பது அநேகமாக யாருக்கும் தெரிந்திருக்காது. அதனால் பாச்சை உருண்டை வைத்த துணியைத் தவிர்த்துவிடுவதே வழி.

முதல் குளியலும் தொப்புளும்

குழந்தை பிறக்கும்போது உடலில் ஒட்டியிருக்கும் வெண்ணிறப் பூச்சு அழுக்கன்று. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர். எஞ்சியது புரதமும் கொழுப்பும். நுண்ணுயிரைத் தடுக்கும் பொருள்களும் அதில் உள்ளன. துடைத்தெடுக்காமல் விட்டால் தானே தோலில் ஊறி மறையும். பிறந்து 24 மணி நேரம் கழித்தே குளிப்பாட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வழக்கம் காரணமாக அது இயலாவிட்டால் குறைந்தது 6 மணி நேரமாவது பொறுக்கச் சொல்கிறது. உடல் சில்லிட்டுப் போகாமல் காப்பதும், தாயின் மார்போடு அணைத்துப் பாலூட்டுவது தடைபடாமல் இருப்பதுமே முக்கியக் காரணங்கள்.

தொப்புள் கொடியின் எச்சம் பெரும்பாலும் 5 முதல் 15 நாள்களுக்குள் காய்ந்து விழும். அதுவரை அதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை: உலர்வாக விட்டு, இடுப்புத் துணியை அதற்குக் கீழே மடித்துக் கட்டினால் போதும். சாம்பல், மஞ்சள், விளக்கெண்ணெய், பவுடர், சில இடங்களில் சாணம் என்று வைக்கப்பட்டவற்றால் இரணஜன்னி உயிர்களைப் பறித்த காலம் ஒன்று இருந்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம் ஆகியவற்றின் பயனாகத் தாய்க்கும் சேய்க்கும் வரும் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-இல் அறிவிக்கப்பட்டது. குளோர்ஹெக்சிடின் மருந்தைத் தொப்புளில் தடவுவது, பச்சிளங்குழந்தை இறப்பு மிகுந்த பகுதிகளில் வீட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கென்று பரிந்துரைக்கப்பட்டது. மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்கு அது பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

எண்ணெயும் குளிப்பாட்டலும்

தமிழ்நாட்டு வீடுகளில் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு கைத்தொழில் போன்றது. தாழ்ந்த மணையில் அமர்ந்து, சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, இரு கால்களையும் நீட்டி, அவற்றின் நடுவே குழந்தையைக் கிடத்திக்கொள்கிறார் பாட்டி. முதலில் எண்ணெய், பிறகு கை கால்களை நீவி, மடக்கி, நீட்டிவிடுதல், அதன் பின் பாசிப்பயற்று மாவோ சோப்போ, இறுதியில் செம்பால் மொண்டு வெந்நீர். பெரும்பாலான குழந்தைகள் இதற்குப் பின் பால் குடித்துவிட்டு மணிக்கணக்கில் தூங்குகின்றன. தாயும் அப்போதுதான் சற்றுக் கண்ணயர்வாள். இந்த வழக்கத்தை நவீனம் பேசி ஒதுக்குவதில் பொருளில்லை. கால்களுக்கிடையே கிடக்கும் குழந்தை வழுக்குவதற்கு வாய்ப்புக் குறைவு. தொட்டியில் தேங்கிய நீரில் மூழ்கும் அபாயமும் இல்லை.

இதில் சேர்ந்துவிட்ட சில உபரி வேலைகள்தாம் சிக்கல். மூக்கடைப்பை எடுப்பதாக மூக்கில் வாய் வைத்து ஊதுவது, ஊதுபவரின் வாய்க் கிருமியைக் குழந்தையின் சுவாசப் பாதைக்கு அனுப்புகிறது. மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவது இன்னும் மோசம்: எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இதனால் வரும் எண்ணெய் நிமோனியா தென்னிந்தியக் குழந்தைகளிடம் 1970-களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. விரலை விட்டுத் தொண்டைச் சளி எடுப்பதும் அதே வகைதான். ஆண், பெண் இரு பாலாரிலும் பிறந்த சில நாள்களில் மார்பு புடைத்திருப்பது தாயின் ஹார்மோன்களால் நேர்வது. சில வாரங்களில் வற்றிவிடும். அதைப் பிதுக்கிப் பால் எடுத்தால் சீழ்க்கட்டி வரலாம். ஆண் குழந்தையின் முன்தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளக் கூடாது. மூக்கைத் தூக்கிவிடுவதாலும் தலையை உருட்டிவிடுவதாலும் வடிவம் மாறுவதில்லை. உரம் விழுந்ததென்று துணியில் இட்டு உருட்டுவதும் அழுகைக்கான உண்மைக் காரணத்தைத் தேடவிடாமல் செய்துவிடுகிறது.

எண்ணெய் பூசுவது பற்றிய ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை. வங்கதேசத்தில் டாக்கா சிசு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது, மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 விழுக்காடு குறைந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு கூறிற்று. கடுகு எண்ணெயோ தோலின் தடுப்பைச் சிதைப்பதாக விலங்குச் சோதனைகள் காட்டின. நிறைமாதக் குழந்தைகளின் கதை வேறு. மான்செஸ்டரில் 115 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், ஆலிவ் எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ பூசப்பட்டவர்களின் தோல் ஈரப்பதம் கூடியிருந்தது. ஆனால் தோலின் கொழுப்பு அடுக்குகள் ஒழுங்குபடுவது, எதுவும் பூசாத குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்தது. கரப்பான் என்று நாம் சொல்லும் ஒவ்வாமைத் தோலழற்சியைத் தினசரிக் களிம்பு தடுக்குமா என்று பிரிட்டனில் 1,394 குழந்தைகளிடம் சோதித்தார்கள்; தடுக்கவில்லை என்று 2020-இல் முடிவு வெளியாயிற்று.

ஆக, நலமாகப் பிறந்த குழந்தைக்கு எண்ணெய் கட்டாயமில்லை. நீவிவிடுவதன் சுகத்துக்காகத் தேய்ப்பதானால் தேங்காயெண்ணெயை மென்மையாகத் தேய்க்கலாம். நம் ஊர்க் கோடையில் எண்ணெயை ஊறவிட்டுக் கழுவாமல் விட்டால் வியர்வைத் துளை அடைத்து வேர்க்குரு பொரியும். முன்பே கரப்பான் இருக்கும் தோலில் நிலக்கடலை எண்ணெய் பூசுவது பிற்கால நிலக்கடலை ஒவ்வாமையோடு தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டிருப்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

குளிக்கும் நீர் உடல் சூட்டை ஒத்து, 37 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் போதும். முழங்கையை நனைத்துப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. வேலை செய்து காய்த்துப்போன உள்ளங்கையை நம்ப முடியாது. குளியல் ஐந்து முதல் பத்து நிமிடம். குளிர்நாடுகளின் கையேடுகள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போதும் என்கின்றன. சென்னை, மதுரை வெயிலில் தினமும் குளிப்பாட்டுவதில் தவறில்லை; சோப்பைத்தான் தினமும் எடுக்க வேண்டியதில்லை. பயற்று மாவு கொரகொரப்பாக அரைபட்டிருந்தால் தோலை உராயும். கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் கலந்த பொடியால் நிறம் வெளுக்காது. நிறம் என்பது பிறப்பிலேயே முடிவானது.

புகை, மை, பவுடர்

தலை துவட்டியபின் சாம்பிராணி காட்டுவது கூந்தல் உலரவும் மணக்கவும் வந்த வழக்கம். எரியும் எந்தப் புகையும் சிறு நுரையீரலை உறுத்தும். தூபக்கால் தணலால் தொட்டில் துணி பற்றிய விபத்துகளும் உண்டு. துண்டால் ஒற்றி எடுத்தாலே குழந்தையின் தலை காய்ந்துவிடும்.

கண்ணுக்குள் மை இடுவதால் கண் பெரிதாவதில்லை. சில மைகளில் ஈயம் இருக்கிறது. விரலிலிருந்து கிருமியும் கண்ணீர்ப் பாதைக்குள் போகிறது. கண்ணேறு கழிய வேண்டுமென்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளட்டும், கேடில்லை. பிள்ளை வளர்ப்பான் என்று போற்றப்படும் வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதும், அதைக் கோத்து மணிக்கட்டில் கட்டுவதும் பரவலான வழக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் உள்ளது. அதை உணவில் சேர்ப்பதை அமெரிக்கா 1968-இலேயே தடை செய்தது. கட்டிய கை நேராக வாய்க்குத்தான் போகும் என்பது குழந்தை வளர்த்த எவருக்கும் தெரியும்.

பவுடரால் தோலுக்குப் பயன் இல்லை. மூச்சில் போனால் நுரையீரலைப் பாதிக்கும். மடிப்புகளில் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி உராயும். ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் டால்க் கலந்த குழந்தைப் பவுடர் விற்பனையை 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறுத்தியது. 2023-இல் உலகெங்கும் நிறுத்தியது. சோள மாவுப் பவுடரும் மூச்சில் போகும் பவுடர்தான்.

துணியும் டயப்பரும்

பழைய வேட்டியையும் நூல் சேலையையும் கிழித்து முக்கோணமாகக் கட்டுவது நம் முறை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பரைப் பரவலாக்கிய பேம்பர்ஸ் 1961-இல் அமெரிக்காவின் பியோரியா நகரில் சோதனை விற்பனைக்கு வந்தது. நீரை உறிஞ்சிக் கூழாக்கும் வேதிப்பொருள் சேர்ந்தது 1980-களில். உலர்வாக வைப்பதில் நவீன டயப்பர் துணியைவிடத் திறமையானது. அந்தத் திறமையை நம்பி ஒரே டயப்பரில் பகல் முழுதும் விட்டுவைப்பதால்தான் புண் வருகிறது.

அந்தப் புண் உண்டாகும் விதம் இது: மலத்தில் உள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன, தோலின் அமிலத் தன்மை கெடுகிறது, அந்தச் சூழலில் மலத்தின் செரிமான நொதிகள் வீறுபெற்று, ஊறிப்போன தோலை அரிக்கின்றன. ஆகவே மலம் கழித்தவுடன் மாற்றுவதே முதல் மருந்து. வெறும் நீரும் பஞ்சும் துடைக்கப் போதும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஈரத் துடைப்பான்களில் பதப்படுத்தியாகச் சேர்க்கப்பட்ட மெத்தில்ஐசோதையசோலினோன் அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்றால் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவிக்கப்பட்டது. வெளியூர்ப் பயணத்துக்கு வேண்டுமானால் வாசனையற்றதாகப் பார்த்து வாங்கலாம். சிவந்த இடத்தில் துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிப்பாகப் பூசி, நாளில் சிறிது நேரம் எதுவும் கட்டாமல் காற்றாட விட வேண்டும்.

தொடை மடிப்புக்குள்ளும் அடர்சிவப்பாகப் பரவி, ஓரத்தில் சிறு சிறு புள்ளிகள் தெறித்திருந்தால் அது காண்டிடா பூஞ்சை. அதற்குத் தனி மருந்து வேண்டும். மருந்துக்கடையில் கேட்டால் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த களிம்பைத் தருவார்கள். டயப்பருக்குள் மூடிக் கிடக்கும் மெல்லிய தோலில் ஸ்டீராய்டு வழக்கத்தைவிட அதிகமாக ஊடுருவித் தோலை நலியச் செய்யும். மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது.

தானே மறைபவையும் மறையாதவையும்

இரண்டாம் மூன்றாம் நாளில் உடலெங்கும் சிவந்த திட்டுகளும் நடுவே வெளிர்மஞ்சள் முனைகளும் தோன்றுவது நிறைமாதக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரும். ஓரிரு வாரத்தில் போய்விடும். மூக்கின் மேல் வெண்புள்ளிகளும் அப்படியே. முதுகிலும் பிட்டத்திலும் காணும் நீலச் சாம்பல் படலம் அடிபட்ட கன்றல் அன்று. தோலின் ஆழத்தில் தங்கிய நிறமிச் செல்களால் வருவது. ஆசியக் குழந்தைகளில் மிகுதி. சில ஆண்டுகளில் மங்கிவிடும். உச்சந்தலையில் படியும் மஞ்சள் செதிலைச் சீப்பால் சுரண்டாமல், எண்ணெய் தடவிச் சில மணி நேரம் ஊறவிட்டுக் கழுவலாம். எண்ணெய்க்கு ஐயமில்லாத வேலை அமைவது இங்கேதான்.

2015-இல் தமிழ்நாடு அரசு, அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காக 16 பொருள்கள் கொண்ட, 1,000 ரூபாய் மதிப்புள்ள பரிசுப் பெட்டகத்தைத் தொடங்கியது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு, நகவெட்டி, கொசுவலை ஆகியவற்றோடு தாய்க்கென்று கை கழுவும் திரவமும் அதில் வைக்கப்பட்டது. அந்தப் பெட்டியில் மிகப் பயனுள்ள பொருள் அந்தத் திரவம்தான். தெற்கு நேபாளத்தில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தையைத் தொடுமுன் கை கழுவிய தாய்மார்களின் குழந்தைகளிடையே இறப்பு 44 விழுக்காடு குறைவாக இருந்தது. பிள்ளை பார்க்க வரும் உறவினரிடம் கை கழுவச் சொல்லத் தயங்குவது நம் வீடுகளில் பெரிய சங்கடம். வாசல் திண்ணையிலேயே சோப்பும் செம்பில் தண்ணீரும் வைத்துவிட்டால் சொல்ல வேண்டியிராது.

பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, பின்னர் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானாலோ இளவெயிலில் காட்டிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தொப்புளைச் சுற்றிய தோல் சிவந்து பரவுதல், பத்துக்கு மேற்பட்ட சீழ்க்கொப்புளங்கள் அல்லது ஒரு பெரிய கட்டி, தோல் வெந்ததுபோல் உரிதல் ஆகியவையும் அவ்வாறே. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும், உடல் சில்லிட்டாலும், பால் குடிக்க மறுத்தாலும், தோலில் ஒரு குறியும் இல்லையென்று காத்திருக்கக் கூடாது.